அண்ணன் தெரு நீங்கலாக

“தலைவரே, ஒரு சின்னச் சிக்கல். உங்க ஓட்டை உங்களுக்கே போட முடியாது” என்றான் டிரைவர்.

சட்டமன்ற உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா, அவர் அண்ணன் வீட்டுத் தெருமுனை இஸ்திரிக்காரர் தேய்த்துக் கொடுத்த கஞ்சிச் சட்டை அவரை நிமிர்த்தி வைத்ததா என்று சொல்ல முடியாது. இரண்டு தேர்தல் ஜெயித்தவர். ‘என் ஒவ்வொரு ஓட்டும் என் உழைப்பு’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்.

“என்னடா உளர்றே?”

“புது மேப்புல நம்ம வீடு பக்கத்துத் தொகுதிக்குப் போயிடுச்சு.”

தொகுதி எல்லைகளை மாற்றிய குழுவில் அவரும் இருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் தெருவை வெளியே தள்ள வேண்டும். அப்பாவின் வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. தம்பி ஓட்டுக் கேட்டு வந்தால் அண்ணன் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். தெருவே விரோதி என்று தம்பி முடிவுகட்டிவிட்டார். சொன்னபடியே கோடு போட்டார்கள். கோடு போகிற போக்கில் அடுத்த தெருவில் இருந்த அவர் வீட்டையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதற்கு ஈடாக எங்கிருந்தோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு உள்ளே வந்தது.

“அண்ணனை விரட்டப் போய் நீங்களும் அவர்கூடவே போயிட்டீங்க. பேசாம ராசியாயிடுங்களேன்” என்றாள் மனைவி.

“அந்த ஆளோடயா? செத்தாலும் மாட்டேன்.”

உடனே அந்தக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு பிடித்து, ஓட்டையும் மாற்றிக்கொண்டார். குடிபோன அன்றே அவருடைய கார்கள் அங்கே வண்டி நிறுத்தும் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டன.

“சார், நீங்க யாரு?” என்றார் மாடிவீட்டுக்காரர்.

“உங்க எம்.எல்.ஏ.!”

“அப்படியா? முதல்ல காரை எடுங்க.”

கார்கள் விளையாட்டுத் திடலுக்குப் போயின. பிள்ளைகளோடு தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த மைக் வைத்துக் கூட்டம் போட்டார். மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அந்தக் கோபத்தைத் தணிக்க இலவசமாகத் தண்ணீர் லாரி வரவழைத்தார். அது வந்த வேகத்தில் வாசல் கேட்டைச் சாய்த்தது.

“தேர்தல் சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு. இல்லேன்னா கட்டடத்தையே சாய்ச்சிருப்பீங்க” என்றாள் மனைவி.

தோற்றுப்போனார். பெரிய தோல்வி என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு தெரு கைகொடுத்திருந்தால் கரையேறியிருப்பார்.

பழைய வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் கார்கள் இல்லை, கூட்டம் இல்லை. இஸ்திரிக்காரர் மட்டும் சட்டைகளோடு நின்றார்.

“இனிமே இத்தனை சட்டை தேவைப்படாதுப்பா” என்றார் தோற்றவர்.

இஸ்திரிக்காரர் போகவில்லை.

“என்ன நிக்கிறே? உங்க தெருவுல ஒரே கொண்டாட்டமா? எங்கண்ணன் இன்னிக்குத்தான் ஜன்னலைத் திறந்திருப்பாரு.”

“நீங்க வேறய்யா! உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டு, ரெண்டு தேர்தலாவும் தெரு மொத்தத்தையும் கூட்டிட்டுப் போய் உங்களுக்குக் குத்த வெச்சதே அவருதான். இந்தத் தடவை மெஷின்ல மேலயும் கீழயும் தேடிட்டு, ‘என் தம்பி பேரு எங்கே’ன்னு பூத்துலயே உட்கார்ந்துட்டாரு.”