டேங்க் மூடிக்கு எதிரான போராட்டம்

இந்தப் பூட்டைத் திறக்காமல் ஓயமாட்டேன் என்று காலை ஏழு மணிக்குக் கண்ணாயிரம் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவரும் அவரே, வழிமொழிந்தவரும் அவரே.

பத்து மணிக்குக் கடலூரில் முந்திரிக்கு நியாய விலை கேட்டு ஆர்ப்பாட்டம். தலைமை விவசாயிகள் சங்கத் தலைவர் கண்ணாயிரம். அவர் போகாவிட்டால் மைக் சங்கக் கமிட்டியின் இளம் தோழர் செம்பியன் கைக்குப் போகும். கண்ணாயிரம் முதன்முதலாகக் கைதானபோது செம்பியன் பிறந்திருக்கவே இல்லை.

பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? ஆனால் கட்டணத்தைக் குறைக்கும்வரை பஸ் படியில் கால் வைக்கமாட்டேன் என்று எட்டு வருடத்துக்கு முன் கடைத்தெருவில் சபதம் செய்திருந்தார். ஊர் மறந்துவிட்டது. அவர் மறக்கவில்லை. தெருமுனையிலேயே மெக்கானிக் கிபாயத்துல்லா இருந்தார். அவர் கடைக் கூரை ரோட்டில் நீட்டுகிறது என்று மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்து இடிக்க வைத்தவரே கண்ணாயிரம்தான். பக்கத்து வீட்டுத் தேவநாதனிடம் வண்டி கேட்கலாம். அவர்மேல் சாக்கடை விஷயமாக ஐந்து மனு நிலுவையில் இருந்தது. மக்களுக்காகப் பாடுபட்டவனுக்கு மக்களில் ஒருவர்கூட மிஞ்சுவதில்லை.

ஆக, தன் பழைய மோட்டார் சைக்கிள்தான் கதி. நேற்றே பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கொடும்பாவி எரிக்க வாங்கியதில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. அதை ஊற்ற டேங்க் மூடி திறக்கவேண்டுமே. சாவி நுழைந்தது, திரும்பவில்லை. தேங்காயெண்ணெய் விட்டார். மண்ணெண்ணெய் விட்டார். சுத்தியலால் தட்டினார். முப்பத்தெட்டு வருடப் போராட்டத்தில் எந்த அதிகாரியும் இவ்வளவு பிடிவாதம் காட்டியதில்லை.

பட்டுப்புடவையில் வாசலுக்கு வந்து நின்றாள் மனைவி லோகநாயகி.

"இன்னா மாமா, பூட்டு பேச்சுவார்த்தைக்கு வந்துச்சா?"

"இது திட்டமிட்ட சதி லோகு."

"இருக்கும். பத்தரைக்கு சிதம்பரத்துல என் தம்பி ராஜவேலு பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். ஞாபகம் இருக்கா?"

"நாட்டுல விவசாயி சாவுறான். நீ தட்டு மாத்துறதப் பத்திப் பேசுற."

"ராஜவேலு கல்யாணத்தப்பவும் விவசாயி செத்துக்கினுதான் இருந்தான். அப்பவும் வரல. அவன் பொண்ணு இந்தச் சிந்துஜா காதுகுத்துக்கு ஜெயில்ல இருந்தீங்க. சடங்குக்கு மறியல்ல இருந்தீங்க. எங்க ஊர்ல பாதிப் பேரு நீங்க இருக்கீங்கன்னே நம்பல."

"நீ பஸ்ல போ. நான் சாயந்தரம் வந்து வாழ்த்துறேன்."

"சரி. இந்தப் பூட்ட நான் தெறந்தா இன்னா தருவீங்க?"

"நீயா?"

"முப்பது வருசமா ஒங்கள வெச்சு குடும்பம் நடத்துறேன். பூட்டு ஜாஸ்தியா?"

மணி எட்டைத் தாண்டியிருந்தது. "தெறந்துடு. கேட்டதெல்லாம் தரேன்."

"வாய்ப்பேச்சு வேணாம். எழுத்துல."

ஒரு தாளை நீட்டினாள். தலைப்பில் 'கோரிக்கைகள்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. முதல் வரி: பத்தரை மணிக்குச் சிதம்பரம். கண்ணாயிரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காற்றில் பறக்கவிடும் கலையை எத்தனை அதிகாரிகளிடம் கற்றிருக்கிறார்! மீதி வரிகளைப் படிக்கவில்லை. அந்தத் தலைப்புள்ள தாள் எங்கே வந்தாலும் முதல் கையெழுத்து அவருடையது. படிப்பதெல்லாம் இரண்டாவதாகப் போடுகிறவர்கள் வேலை. கை பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து தலைவர் முத்திரையை எடுத்து அதையும் குத்தினார்.

லோகநாயகி செல்போனில் தாளைப் படம் பிடித்தாள். பர்ஸிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தாள். ஒரே திருப்பு. மூடி கையோடு வந்தது.

"பூட்டு கெடல மாமா. நேத்து சாயந்தரம் நீங்க கமிட்டிக்கு நடந்து போயிருந்தப்ப கிபாயத்துல்லா அண்ணன் வந்து வேற மூடி மாட்டிட்டுப் போனாரு. கூலி வேணாம்னுட்டாரு. ஒங்க வண்டின்னதும் அவ்ளோ சந்தோசம்."

கண்ணாயிரம் மூடியையே பார்த்தார்.

"புதுசுன்னு தெரியலியா? நான் மூக்குத்தி மாத்தியே ஆறு மாசமாச்சு."

"ஏமாத்தி வாங்கின கையெழுத்து செல்லாது. நான் கடலூர் போறேன்."

"தாராளமா. ரெண்டாவது கோரிக்கையப் படிச்சுட்டுப் போங்க."

படித்தார். 'குடும்ப நிகழ்ச்சி காரணமாக இன்றைய ஆர்ப்பாட்டத்துக்குத் தோழர் செம்பியன் தலைமை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"கமிட்டி குரூப்புல போட்டுட்டேன்" என்றாள்.

கையெழுத்து என்னுடையதல்ல என்று சொல்ல முடியாது, முத்திரை இருக்கிறது. படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் முப்பத்தெட்டு வருடமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கண்ணாயிரம் பெட்ரோலை ஊற்றினார். லோகநாயகி பின்னால் உட்கார்ந்து புடவையைச் செருகிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் ராஜவேலு அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது செம்பியன் போன் செய்தான். ஒரே இரைச்சல்.

"இன்னாய்யா அங்க, போலீஸ் தடியடியா?" கண்ணாயிரத்தின் குரலில் நம்பிக்கை துளிர்த்தது.

"அதெல்லாம் இல்ல தலைவரே. நீங்க வரலன்னு எழுதின கடிதத்த மைக்ல படிச்சோம். கைதட்டு இன்னும் நிக்கல."