பாட்டில் சாரின் திங்கட்கிழமை பெட்ரோல்

இந்தப் பூமியில் பெட்ரோலை பாட்டில் சார் அளவுக்குச் சந்தேகப்பட்ட மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க வாய்ப்பே இல்லை. பெண்டாட்டியைச் சந்தேகப்படும் கணவன்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் தன் மனைவி ரோஸ்லின் அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். பெட்ரோல் என்றால் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார்.

சில வருடங்களுக்கு முன்பு எனக்கு ஏற்காட்டுக்கு மாற்றலானது. தோட்டக்கலை ஆபீசில் கிளார்க் வேலை. வெள்ளக்கடைப் பக்கம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவர் ஒரு மிஷன் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரைத்தான் அனுப்பி வைத்தது, லேப் தானாகவே பின்னால் வந்துவிட்டது என்பார்கள்.

பங்க்குக்குப் போனால் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில்தான் பெட்ரோல் பிடிக்கச் சொல்வார். அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, குலுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டேங்க் மூடியைத் திறப்பார். பாட்டில் வீட்டுக்கு வரும். தேதி எழுதிய லேபிளோடு ஹால் ஷோகேஸில் ஏறும். பக்கத்து அறையில் ரோஸ்லின் அம்மா அடுப்பில் பணியாரம் சுடுவார். இந்த இரண்டுக்கும் நேர் மேலேதான் இரண்டு வருடம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

இத்தனைக்கும் ஷோகேஸில் இருந்த ஒரு பாட்டிலில்கூடத் துளி அழுக்கோ தண்ணீரோ கிடையாது. "அப்புறம் எதுக்குங்க சார் சந்தேகம்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"அங்கதான் கண்ணு சூட்சுமமே இருக்குது. பாட்டில்ல புடிக்கிறப்ப நல்லதா உடுவாங்க. டேங்க்குல உடுறப்ப மாத்திருவாங்க. நொம்ப கில்லாடிங்க."

சந்தேகத்துக்குக் காரணம் அவருடைய பழைய வெள்ளைக் கார். வாரம் முழுக்கச் சமர்த்தாக ஓடும். திங்கட்கிழமை காலையில் மட்டும் ஏற்றத்தில் இருமும், குலுங்கும், நின்றுவிடும். பஜாருக்குப் போகிற வழியில் என்னை ஆபீசில் இறக்கிவிடுவது அவர் வழக்கம் என்பதால், அந்தத் திங்கட்கிழமைகள் எல்லாம் என் தலையிலும் விடிந்தன. வண்டி நின்றால் பின்னால் உருளும். நான் குதித்துப் போய் டயருக்குக் கல் வைக்க வேண்டும். கல்லுக்கு எங்கே தேடுவது? அதனால் திங்கட்கிழமைகளில் மடியில் டிபன் பாக்ஸ், அதன் மேல் ஒரு கருங்கல் என்று உட்கார்ந்து போவேன். ஒருநாள் அவசரத்தில் கல்லை ஆபீசுக்குள்ளேயே எடுத்துப் போய்விட்டேன். மேலதிகாரி அதைப் பார்த்த பிறகு, தாமதமாக வந்ததைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பங்க்குல என்னமோ நடக்குதுங்க" என்று, ஞாயிறுதோறும் பெட்ரோல் போடுகிற சார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் கலைச்செல்வி. செம்மநத்தம் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்து இறங்குகிறவர். பாட்டில் சாரைக் கண்டதும் தானே கையை நீட்டி பாட்டிலை வாங்கிக்கொள்வார்.

"ஏனுங்க சார், நாங்க எதுக்குங்க உங்க வண்டிக்கு மட்டும் பாத்துப் பாத்துத் தண்ணி கலக்கறோம்? எங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?"

"அதத்தானம்மா நானும் கண்டுபுடிக்கப் பாக்கறேன்" என்பார் சார், கொஞ்சமும் சிரிக்காமல்.

கடைசியில் எண்ணெய்க் கம்பெனிக்கு எட்டுப் பக்கம் புகார் எழுதிப் போட்டார். படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தார். அந்தப் படத்தின் அழகுக்காகவோ என்னவோ, ஒரு திங்கட்கிழமை கீழே சேலத்திலிருந்து ஒரு அதிகாரி நிஜமாகவே மலையேறி வந்துவிட்டார். பங்க்கில் கூட்டம் கூடிவிட்டது. இந்த நாளுக்காகவே காத்திருந்த சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். பக்கத்தில் காபி பிளாஸ்க்கோடு ரோஸ்லின் அம்மா. அரை நாள் லீவு போட்டுவிட்டு நான்.

அதிகாரி பம்பில் பிடித்துப் பார்த்தார். சுத்தம். அடுத்து சாரின் காருக்கு அடியில் மெக்கானிக் படுத்து, டேங்க்கின் அடி நட்டைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தார். அதைத் தூக்கிக் காட்டியதும் கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. மேலே பெட்ரோல், கீழே மூன்று விரல்கடை தண்ணீர், நடுவில் கோடு போட்ட மாதிரி.

சாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பங்க் மேனேஜர் முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனால் அவர் சுதாரித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். இந்த பம்புல எப்பவும் நிக்கிறது இந்தம்மாதான்" என்று கலைச்செல்வியைக் கை காட்டினார். "நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"நான் என்னங்க பண்ணேன்?" என்றார் கலைச்செல்வி. அவர் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவர் பம்பைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பையை எடுக்கப் போனதைப் பார்த்து எனக்கு பாட்டில் சார் மேல் வந்த கோபத்துக்கு, அந்தக் கருங்கல் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பார்த்து முடித்த மெக்கானிக் பாட்டிலைத் தரையில் கவிழ்க்கப் போனார். ரோஸ்லின் அம்மா ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு, சாரின் காதருகே குனிந்தார். பின்னால் நின்ற எனக்கும் கேட்டது.

"கீழ ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க. கால் படக்கூடாது. அது மாதா கோயில் தீர்த்தம்ங்க."

"என்னது?"

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கொண்டாந்து டேங்க்குல ஊத்தறேனுங்க. இந்த வளைவுகள்ல நீங்க ஓட்டுற ஓட்டுக்கு வேற யாரு காப்பாத்துறது? வண்டி நின்னுச்சே, பாத்தீங்களா? நிக்காமப் போயிருந்தா எந்தப் பள்ளத்துல கெடந்திருப்பீங்களோ."

பாட்டில் சார் மனைவியைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். கலைச்செல்வியைப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் ரோஸ்லின் அம்மாவை ஊரே வருடக்கணக்கில் வைத்துச் சிரிக்கும். சொல்லாமல் விட்டால் ஒருத்தியின் பிழைப்பு போகும். சார் அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

"தப்பு எம்மேலதாங்க. ஊட்டுல வண்டிய வாசல்ல நிறுத்தறேன். டேங்க் மூடிய சரியா மூடறதில்லைங்க. மழத் தண்ணி எறங்கிருக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாலு பேர் போனில் வீடியோ எடுத்தார்கள். "எட்டுப் பக்கம் எழுதுனீங்களே, மூடிய மூடக் கூடாதுங்களா பெரியவரே?" என்று அதிகாரி கேட்டார். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதே முத்து முத்தான கையெழுத்தில், தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரி அதை மேனேஜரிடம் காட்டி, அந்தம்மா வேலையில் கை வைக்கக் கூடாது என்றார். சார் கலைச்செல்வியிடம் போய், "மன்னிச்சுக்க சாமி" என்றார். கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவ வர்றப்பவும் பாட்டில் கொண்டு வாங்க சார்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து அவர் ஊருக்கு 'மூடி சார்' ஆனார். ஆனால் வண்டி திங்கட்கிழமை நிற்கவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் நிற்கவில்லை. அம்மா ஊற்றுவதை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று கல்லைத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து பார்த்தேன். கோயிலிலிருந்து வந்த கையோடு ரோஸ்லின் அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டேங்க்கில் தீர்த்தத்தை ஊற்றினார். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த சார், அம்மா சமையலறைக்குள் போன பிறகு வெளியே வந்தார். அந்த வயதில், அந்த முட்டியோடு, காருக்கு அடியில் ஊர்ந்து போய், நட்டைக் கழற்றி, தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த பாட்டிலுக்கு லேபிள் ஒட்டவில்லை.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமேங்க சார். இந்த வயசுல வாராவாரம் இது எதுக்கு?"

சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சொன்னா அவ ஊத்தறத நிறுத்திருவா கண்ணு. அப்புறம் நான் எந்தத் தைரியத்துல இந்த மலையில வண்டி ஓட்டறது?"