மன அமைதிக்கு ஒரு பேரம்

இனிமேல் கோபப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். அன்றைக்கே கோபம் வந்தது. மன அமைதிக் குளிகை விற்றவன் விலையைக் குறைக்க மறுத்துவிட்டான். டன்லப் ஸ்திரீட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தித்தான் அமைதியை வாங்கினேன்.

நான் படித்தவனில்லை, அடிபட்டவன். தேக்காவில் நடைபாதையில் பர்ஸ் விற்று, இன்று பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கிறேன். விலையை ஏற்றிச் சொல்வேன். வந்தவர் அடித்துக் குறைப்பார். நான் நினைத்த விலைக்கே வாங்கிக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு போவார்.

சில மாதங்களாகத் தூக்கமில்லை, நெஞ்சில் படபடப்பு. பாலிகிளினிக் டாக்டர், பதற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். தேறிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அந்த மாத்திரைக்குப் பேரம் பேச வழியில்லை. பேரம் பேசாத பொருளில் எனக்கு நம்பிக்கை வராது.

புக்கிட் பாத்தோக் வீட்டில், வாங்கிவந்த மூலிகைக் குளிகை, மீன் எண்ணெய், வைட்டமின் டப்பாக்களை மேசையில் அடுக்கினேன். என் மனைவி நூருன்னிசா ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள்.

"டாக்டர் மாத்திரை என்னாச்சு மச்சான்?"

"நாளையிலேருந்து நிறுத்தம். இதெல்லாம் சத்து. சத்து ஏறினா சத்தம் குறையும்."

"இதுக்குப் பேரு என்ன?"

"சப்ளிமென்ட். துணைச்சத்து."

"துணைன்னா கூட வர்றது. மாப்பிள்ளைத் தோழனை மட்டும் உக்கார வச்சு நிக்காஹ் பண்ணுவாங்களா?"

டப்பாக்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் நிபந்தனை போட்டாள். டப்பா மொத்தமும் குப்பைக்கு. வாராவாரம் டாக்டர். காலை மாலை நடை. ஆற்றி நுரைக்க வைத்த பால் டீ, என் தே தாரிக், அடியோடு கிடையாது.

எனக்குள் வியாபாரி விழித்துக்கொண்டான். இவ்வளவு கேட்டால் யார் கொடுப்பது? அடித்துக் குறைத்தேன். மூலிகை டப்பா மட்டும் குப்பைக்கு. அது டாக்டர் மாத்திரையோடு சேரவே கூடாதென்று பார்மசிஸ்டிடம் போனில் கேட்டுச் சொன்னாள். மீன் எண்ணெயும் வைட்டமினும் டாக்டர் பார்த்துச் சரியென்றால்தான். அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதில்லை. வாராவாரம் முடியாது, இந்த வாரம் ஒரே ஒரு தடவை வருகிறேன். நடை மாலையில் மட்டும். ஒரு தே தாரிக்கையும் காப்பாற்றிவிட்டேன்.

நூருன்னிசா தோற்றவள்போலப் பெருமூச்சு விட்டாள். "உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா லா."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெருந்தன்மையோடு, "சரி, டாக்டர்கிட்ட நேரம் வாங்கு," என்றேன்.

"வியாழக்கிழமைக்கு நேத்தே வாங்கிட்டேன்."

"நேத்தேவா? அப்போ வாராவாரம்னு சொன்னது?"

"நம்ம கடையில பெட்டிக்கு ஏத்திச் சொல்வீங்கல்ல மச்சான், அதே மாதிரிதான்."

ஜெயித்த முகத்தோடு பெட்டி வாங்கிப்போன அத்தனை பேர்மேலும் எனக்கு அன்றுதான் இரக்கம் வந்தது.