பிரிக்காத அறுபத்து நான்கு சுருள்கள்

இராஜபாளையம்,
ஐப்பசி மாதம், புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சகோதரி திருமதி ஹெப்சிபா ராஜரத்தினம் அவர்களின் சமூகத்திற்கு,

தர ஆய்வுப் பிரிவின் முன்னாள் மேற்பார்வையாளர் த. வெங்கடேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் இடது கணுக்காலைத் தவிர ஏனைய யாவும் நலம். அவ்விடம் தாங்களும் தங்கள் கணவரும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் அன்புடன் கொடுத்துச் சென்ற வீடியோ கேம் கருவியையும், அதிலுள்ள மூன்று விளையாட்டுகளையும் முடித்தபின் என் கருத்துரையையும் ஒரு மாதத்திற்குள் அனுப்புவதாக வாக்களித்திருந்தேன். இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. இந்தத் தாமதத்திற்குத் தபால் துறையோ, மழையோ, என் மூக்குக்கண்ணாடியோ பொறுப்பல்ல. நான் ஒருத்தியே பொறுப்பு. மன்னிக்க வேண்டுகிறேன்.

இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான் என்பதை என் கணவர் ஒரு நாளைக்கு மூன்று வேளை நினைவூட்டுகிறார். "பஸ்சுல ஏறிப் போயிச் சொல்ல வேண்டியத எதுக்குட்டி நாலு பக்கத்துக்கு எழுதுத? அந்தப் பிள்ள வாட்ஸ்அப்புல இல்லையா?" என்கிறார். சில செய்திகளை முகம் பார்த்துச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல நிறக் குறி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே கடிதம். வரும் ஞாயிற்றுக்கிழமை நம் பேண்டேஜ் கம்பெனியின் ஓய்வுபெற்ற பெண் தொழிலாளர் சங்கத்தார் எனக்கு 'நேர்மைச் சுடர்' என்ற பட்டமும் பொன்னாடையும் அளிக்க இருக்கிறார்கள். நான் அந்த மேடையில் ஏறுவதா, வேண்டாமா என்பது தங்கள் பதிலைப் பொறுத்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் கம்பெனி வாசலில் தங்களுக்கும் எனக்கும் நடந்ததைப் பற்றியது அது. அதை எடுத்த எடுப்பில் எழுதும் துணிவு எனக்கு இல்லாததால், தாங்கள் கேட்டபடி விளையாட்டுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆடி மாதத்தில் நூலகப் படியில் வழுக்கி விழுந்து நான் மாவுக்கட்டோடு கிடந்தபோது, என்னோடு முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தொலைபேசியில் விசாரித்தார்கள். மீதிப் பேர் விசாரிக்கவில்லை. தாங்கள் ஒருவர்தான் ஆரஞ்சுப் பழப் பையோடு வாசலில் வந்து நின்றீர்கள். நான் எழுந்திருக்க முயன்றேன். "படுங்கக்கா, எந்திரிச்சு என்ன செய்யப் போறீக? சும்மா படுத்துக்கிட்டுக் கட்டுரை கிட்டுரை எழுத ஆரம்பிச்சிராதீக, ஊரு தாங்காது. எம் மகன் வாங்கித் தந்த கேம் இது. நான் மூணையும் முடிச்சிட்டேன். நீங்களும் முடிச்சிட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. எழுத்துதான் உங்களுக்கு நல்லா வருமே" என்றீர்கள். பழைய கதை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. செத்த நேரம் இருந்து, காபி குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். எதற்காக வந்தீர்கள் என்று நான் ஆறு வாரம் கூரையைப் பார்த்து யோசித்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்று, மீதியை நூலகத்தில் நானாகவே கற்றுக்கொண்டவள் என்பதால், கருவியை இயக்கவும் யாரிடமும் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். இடது கட்டைவிரலால் நடையையும் வலது கட்டைவிரலால் பார்வையையும் செலுத்த வேண்டும் என்பது பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அதிலுள்ள மனிதன் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். "உன் ஆளு என்ன, மழை வருதான்னு பாக்கானா?" என்று என் கணவர் கேட்டார். அவர் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். யார் எப்படி நடந்தாலும் குறை சொல்வார்.

முதல் விளையாட்டு விவசாயம். நான் வத்திராயிருப்பில் பிறந்தவள். காட்டுப்பன்றி இறங்காத, மயில் கொத்தாத, மோட்டாருக்குக் கரண்டு போகாத ஒரு தோட்டத்தை எனக்குக் கொடுத்தார்கள். நட்ட ஐந்தாம் நாள் முட்டைக்கோஸ் விளைகிறது. விவசாயம் என்று இதைச் சொல்வது பொருந்தாது. ஆயினும் இரண்டு வாரம் இமை கொட்டாமல் செய்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வப்போது அன்பளிப்புக் கொடுத்தால் நம்மிடம் பிரியமாவார்கள் என்றது. பாரபட்சம் கூடாதென்று அனைவருக்கும் வாரம் ஒரு முட்டைக்கோஸ் வீதம் கொடுத்தேன். மாத முடிவில் ஊரே என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அவ்வூர் மருத்துவர் மட்டும் என் கதாநாயகியைத் திருமணம் செய்துகொள்ள முன்வந்தார். குடும்பம் எப்படி என்று விசாரிக்க அங்கே ஆளில்லாததால் மறுத்துவிட்டேன். இரண்டாவது கார்ப் பந்தயம். எட்டுக் கார்கள் ஓடின. பின்னால் வேகமாக வந்தவர்களுக்கெல்லாம் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். "ஏட்டி, ரேஸுல யாருக்குட்டி வழி விடுத?" என்றார் அவர். "ஆம்புலன்ஸ் கணக்கா வருதானே" என்றேன். "அவன் ஆம்புலன்ஸ் இல்லட்டி, உன்னத்தான் அதுல ஏத்தணும்" என்றார். பன்னிரண்டு பந்தயங்களிலும் எட்டாவதாக வந்தேன். ஒரு கீறல் இல்லாமல் வந்தேன் என்பதை அந்தக் கருவி எங்குமே குறிப்பிடவில்லை.

மூன்றாவதைப் பற்றி எழுதவே இந்தத் தாமதம். பனி மலையில் ஒரு போர்வீரன். கீழே உள்ள முகாமுக்கு அவன் உயிரோடு போய்ச் சேர வேண்டும். வழி நெடுகப் பேண்டேஜ் சுருள்கள் கிடக்கின்றன. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். திரையில் தெரிந்த அளவில் நெசவு சீராக இருந்தது, ஓரத்தில் பிசிறில்லை, நம் மேசைக்கு வந்திருந்தால் முதல் தரம் என்று முத்திரை குத்தியிருப்பேன். காயம் பட்டால் இந்தப் பொத்தானை அழுத்திக் கட்டிக்கொள்க என்று கீழே ஆங்கிலத்தில் எழுத்து வந்துகொண்டே இருந்தது. அகராதி பார்த்துப் பொருளும் தெரிந்துகொண்டேன். ஆனால் முத்திரையிட்ட சரக்கைச் சேருமிடத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பதை நான் யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த வீரன் கரடியிடம் கடிபட்டு, பள்ளத்தில் விழுந்து, குண்டடிபட்டு, நாற்பத்தோரு முறை இறந்தான். நாற்பத்தோரு முறையும் பையை நான் திறக்கவில்லை.

"அவன் நொண்டுதான் பாருட்டி, ஒரு துணியக் கட்டிவிடு" என்றார் என் கணவர்.

"அது முகாமுக்குப் போற சரக்கு."

"முதுகுல அம்புட்டுத் துணிய வச்சுக்கிட்டு ஒருத்தன் ரத்தம் ஒழுகிச் செத்தாம்னா பட்டாளத்துல என்ன செய்வாக தெரியுமா?"

"என்ன செய்வாக?"

"அவன ஒண்ணும் சொல்ல மாட்டாக. அவனுக்கு உத்தரவு போட்டவன் யாருன்னு தேடுவாக."

பாதி வழியில் ஒரு மரப்பாலம். அதன் தூணில் சாய்ந்து இன்னொரு வீரன் உட்கார்ந்திருந்தான். கால் முழுதும் சிவப்பு. உன்னிடம் ஒரு சுருள் இருக்குமா என்று கேட்டான். கொடு, கொடுக்காதே என்று இரண்டு விடைகள் வந்தன. நான் யோசிக்கவில்லை. "கணக்கில் உள்ளது" என்று வாய்விட்டே சொல்லி, இரண்டாவதை அழுத்தினேன். அவன் சண்டை போடவில்லை. 'சரி' என்று ஒரு சொல் மட்டும் திரையில் வந்தது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் முகாமைச் சேர்ந்தேன். சரக்கை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. நடந்த தூரம், இறந்த தடவை எல்லாம் வரிசையாக வந்தபின், பிரிக்காத சுருள்கள் அறுபத்து நான்கு என்று ஒரு வரி வந்தது. பாராட்டு என்று நினைத்துப் பதக்கத்திற்குக் காத்திருந்தேன். பிறகு பிழைத்து வந்தவர்களின் பெயர்கள் ஓடின.

"பாலத்துல இருந்தவன் பேரு எங்க?" என்றேன்.

"எந்தப் பாலம்?"

"துணி கேட்டான்ல."

"நீ குடுத்தியா?"

நான் கருவியைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று மாதமாக வாய் ஓயாமல் பேசியவர், எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டார். நாய் அப்போதுதான் தின்றுவிட்டுப் படுத்திருந்தது.

சகோதரி, தாங்களும் இந்த விளையாட்டை முடித்திருக்கிறீர்கள். அந்தப் பாலத்தில் தாங்கள் எதை அழுத்தியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வேலை விட்டு வரும்போது தங்கள் டிபன் பையைத் திறக்கச் சொன்னவள் நான். உள்ளே இரண்டு சுருள். அதுவும் ஓரம் பிசிறி, நானே கழித்துப்போட்ட சுருள். தங்கள் வீட்டு அண்ணன் காலில் சர்க்கரைப் புண் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். "வீட்டுக்காரருக்குத்தாங்க்கா, கழிச்சதுதான" என்றீர்கள். "கழிச்சதும் கணக்குதான்" என்று சொல்லி மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனேன். வேலை போயிற்று என்று அவர் சொன்னபோது, தாங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரிக்கா" என்றீர்கள். அந்தக் கார்த்திகையில் அண்ணனுக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வந்து பார்க்கவில்லை. தாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடையில் பெட்டி மடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபின், ஊருக்கு வந்தால்கூட அந்தத் தெருப் பக்கம் நான் நடப்பதில்லை.

இப்போது என் கேவலத்தின் முழு அளவையும் எழுதுகிறேன். சங்கச் செயலாளர் ஜெயசித்ரா வந்து, "அக்கா, உங்கள மாதிரி எழுத எங்களுக்கு வராது. உங்களப் பாராட்டுறதையும் நீங்களே எழுதிக் குடுத்துட்டீகன்னா நாங்க அச்சடிச்சிருதோம்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். 'தோழமை தடுத்தபோதும் தளராமல் கடமை காத்த கண்மணி' என்று அதில் ஒரு வரி. தடுத்த தோழமை தாங்கள்தான். கண்மணி நான். அதை எழுதும்போது எனக்குக் கூச்சமே வரவில்லை. மோனை நன்றாக அமைந்ததென்ற மகிழ்ச்சிதான் வந்தது. முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது.

ஞாயிறன்று மேடையில் ஏறி, நான் செய்தது கடமையின் பெயரால் செய்த கொடுமை என்று வாய்விட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நான்கு விதமாக எழுதிப் பார்த்தும்விட்டேன். ஆனால் அதைச் சொன்னால் தங்கள் பெயரும் அந்தப் பையும் மறுபடி முந்நூறு பேர் வாயில் விழும். ஆகவே தங்கள் அனுமதியில்லாமல் சொல்ல மாட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் பொன்னாடையும் வேண்டாம். கருவியை இத்துடன் அனுப்பவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நீங்கள் என் வீட்டுக்கு வர ஒரு காரணமும் மிஞ்சாது என்பதே மூன்று மாதமாக அது இங்கே இருப்பதன் உண்மையான காரணம். அதிலே சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். தங்கள் பிள்ளைக்கு என் ஆசிகள். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

இங்ஙனம்,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
த. வெங்கடேஸ்வரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டும் முன் என் வீட்டுக்காரர் படித்திருக்கிறார். "நல்லாத்தான் எழுதியிருக்க. அந்தத் திங்கக்கெழமையத்தான் காணோம்" என்றார். அன்றைக்கு நான் அவரிடம் மட்டும் சொன்னது அது. ஹெப்சி, திங்கட்கிழமை கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனபோது, அடுத்த மாதத்திலிருந்து மேற்பார்வைக்கு ஹெப்சிபாவைப் போடலாம் என்று அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வரும் என்று நான் காத்திருந்த பதவி அது; நீ எனக்கு எட்டு வருடம் பின்னால் சேர்ந்தவள். உன் பையை நான் திறக்கச் சொன்னது செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் இரண்டு தடவை நீ சுருள் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் கடமை ஞாபகம் வரவில்லை. ஆகவே மேலே நேர்மை என்றும் கடமை என்றும் வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பட்டம் வேண்டாம் என்று ஜெயசித்ராவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போகிறேன் என்றேன். எந்த ஊருக்கு என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வாயில் வந்துவிட்டது. நான் வரலாமா, வேண்டாமா என்று மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.