நாற்பத்தொரு காதல் நாவல்களும் நான்கு பேர் லிப்டும்

அன்பும் அவசரபுத்தியும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் இன்றுவரை தங்களுக்கு அத்தானாக இருந்துவருபவன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும், தங்கள் மனைவியும், பிள்ளைகளும், தங்களை விட்டுப் பிரியாத அந்த முதுகுவலியும் நலம் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் கட்டடத்தில் பதினாறு வீட்டுக்காரர்களும் நலமோ நலம். எவ்வளவு நலம் என்றால், நான் ஒரு தும்மல் போட்டால் நான்கு மாடியிலிருந்தும் மாத்திரை வருகிறது. நிம்மதியாகச் சளி பிடிக்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது. இந்த அநியாயத்துக்கு முழுமுதற் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்ளவே இக்கடிதம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், வீட்டை ஒழிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, தாங்கள் ஓர் அட்டைப்பெட்டியை எனக்கு அனுப்பி வைத்தீர்கள். “அத்தான், அக்கா எங்களுக்குப் படிக்கக் குடுத்த புத்தகம் எல்லாம் இதுல இருக்கு. அவங்க போய் நாலு வருஷம் ஆச்சு, இனி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று போனில் வேறு பெரிய மனசோடு சொன்னீர்கள். பிரித்தால் நாற்பத்தொரு காதல் நாவல்கள். எல்லாம் ஒரே வரிசை, ஒரே ஏரிக்கரை ஊர், அட்டையில் ஒரே நாய்.

அந்த ஊரைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததில்லை. பெரிய நகரத்தில் நல்ல வேலையில் இருக்கும் ஒருத்தி அதைத் தூக்கியெறிந்துவிட்டு அங்கே வருவாள். செத்துப்போன அத்தை ஒரு ரொட்டிக்கடையை விட்டுப் போயிருப்பாள். எதிர்க்கடையில் ஒரு தச்சன் முறைத்துக்கொண்டே நிற்பான். ஊரில் மொத்தம் முந்நூறு பேர், அதில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர்கள் மட்டும் எட்டுப் பேர், நாற்பத்தொரு புத்தகத்திலும் ஒருத்தருக்கும் வியாபாரம் படுத்ததில்லை. தபால்காரம்மா தபாலைத் தவிர மற்ற எல்லாச் செய்தியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பதினெட்டாவது அத்தியாயத்தில் மழை வந்து கூரை ஒழுகும், உடனே ஊரே ஏணியோடு ஓடிவரும். முப்பத்துநான்கு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான், ஒரு நாளாவது எனக்கு ஏணி பிடிக்க ஓர் ஆள் வந்ததுண்டா? இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். ஒரு வார்த்தை நேரில் கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம். கேட்க மாட்டார்கள். கேட்டுவிட்டால் மீதி எண்பது பக்கத்தை எதைப் போட்டு நிரப்புவது? கடைசியில் கல்யாணம், நாய் குரைக்கும், முற்றும்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்தேன் என்று தாங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. குறை கண்டுபிடிப்பதற்காகப் புரட்டினேன். இதுவரை முப்பத்தெட்டுப் புத்தகங்களில் குறை கண்டுபிடித்தாகிவிட்டது. பன்னிரண்டாவது புத்தகத்தில் குறைகள் மிக அதிகம் என்பதால் அதை மட்டும் இரண்டு தடவை.

ஆனால் அது பின்னால். பெட்டி வந்த அன்று ஒரே ஒரு புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். வீட்டில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று அறையில் ஓர் ஆள், இடத்துக்கு என்ன பஞ்சம்? அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான், அதை விடு. தரைத்தளத்தில் லிப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சில் வைத்து, “வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு சீட்டும் ஒட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பெட்டி காலி.

எங்கள் கட்டடம் எப்படி இருந்த கட்டடம் தெரியுமா மச்சான்? பதினோரு வருடமாக ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. லிப்டில் ஏறினால் எல்லாரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்போம். அருமையான வாழ்க்கை. பெட்டி காலியான பத்தாவது நாள், கீழே மருந்துக்கடைக்குத் தைலம் வாங்கப் போனேன். கடைக்காரர் தைலத்தை எடுத்து வைத்துவிட்டு, “சார், காலுறை போட்டாத்தான் உங்களுக்குத் தூக்கமே வருமாமே? ரத்த ஓட்டத்தை ஒரு தடவை பாத்துடுங்க” என்றார். மேலே வந்தால் என் எதிர்வீட்டு பஸ் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு, “சார், கோவம் வந்தா பாத்ரூம் குழாயைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவீங்களாமே? எங்க வீட்டுக் குழாய் சொட்டுது, உங்களுக்கு எப்போ கோவம் வரும்?” என்று கேட்டார்.

“இப்பவே வருது. யாருய்யா சொன்னது உமக்கு?” என்றேன். மனிதர் உள்ளே போய் ஒரு நாவலை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். அந்த முறைக்கிற தச்சன் கோபித்துக்கொண்டு மரத்தை இழைக்கிற இடம். ஓரத்தில் பென்சிலால் உன் அக்கா எழுதியிருக்கிறாள்: “நம்ம ஆளும் இப்படித்தான். கோபம் வந்தா குழாயைப் பிரிச்சு மாட்டுவார். மறுநாள் பூரா தண்ணி சொட்டும்.”

அவள் படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சலவைக்குப் போட்ட துணியைக் குறித்துக்கொள்கிறாள் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்த புத்திசாலி நான். பாதிப் புத்தகம் தாண்டினால்தான் அவள் பென்சிலை எடுப்பாளாம். நான் பார்த்ததோ முதல் பத்துப் பக்கம். பெட்டியை மூன்று மாதம் முன்புவரை உன் வீட்டில் வைத்திருந்தாயே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கேட்டால் “அத்தானுக்குத் தெரியும்னு நினைச்சேன்” என்பாய். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் நினைத்தே காலத்தை ஓட்டிவிட்டீர்கள்.

இந்த நான்கு வருடத்தில் அவள் எழுத்து என்று என்னிடம் இருந்தது சர்க்கரை டப்பாவில் ஒட்டிய ஒரு சீட்டு மட்டும்தான். நாற்பத்தொரு புத்தகம் நிறைய அவள் என்னிடம் பேசி வைத்திருக்கிறாள், அதைத் தூக்கிக்கொண்டுபோய் லிப்ட் பக்கத்தில் வைத்து ஊருக்குத் தானம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்கே முடிவு பண்ணினேன், ஒரு புத்தகம் விடாமல் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று.

வாங்குவது என்ன அவ்வளவு லேசா? கதவைத் தட்டி, “என் புத்தகம்” என்று வாயெடுத்தால் போதும், “உள்ள வாங்க சார், உக்காருங்க, உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்” என்பார்கள். டீ வரும். பிஸ்கட் வரும். இன்னும் இருபது பக்கம் பாக்கி என்பார்கள், முடிக்கும்வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது என்பதும் புத்தகத்தில் எழுதியிருப்பதால், கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது புத்தகத்தை மீட்பதற்குள் ஏழு கதவுக் கீல், மூன்று மின்விசிறி, டிரைவர் வீட்டுக் குழாய், எண்ணிக்கையில்லாத டீ. கதவு தட்டித் தட்டியே எனக்கு இப்போது பதினாறு வீட்டுக்காரர்கள் பெயரும் தெரியும், யார் வீட்டில் யாருக்கு யாரோடு மனஸ்தாபம் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு நாவலைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் எனக்கு ஒரு நாற்காலி. போகாவிட்டால் ஆள் அனுப்புகிறார்கள். அந்த ஏரிக்கரைச் சனியன் நாற்பத்தொரு புத்தகத்திலிருந்தும் இறங்கி என் வாசலுக்கே வந்துவிட்டது.

நாற்பது வந்தது. வராத ஒன்று, இருபத்தேழாம் புத்தகம். அது மூன்றாம் மாடித் தையலம்மாவிடம் இருந்தது. துணியை அளவு குறைத்து, ஜிப் மாற்றிக் கொடுக்கிற தொழில். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது, தனியாக இருக்கிறார். கேட்கப் போனால் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. “நான் ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் சார் படிப்பேன்” என்றார்.

“நாலு பக்கமா? மீதி நேரம் என்னம்மா பண்றீங்க?”

“அந்த நாலு பக்கத்தை நினைச்சுக்கிட்டே தைப்பேன். அஞ்சாவது பக்கத்தையும் படிச்சுட்டா நாளைக்கு என்ன இருக்கு?”

ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் மூன்றாம் மாடி ஏறி, எத்தனையாவது பக்கம் என்று கேட்டுவிட்டு வந்தேன். புத்தகத்துக்காகத்தான். இடையில் என் கால்சட்டை இரண்டை அளவு குறைத்துக் கொடுத்தார். அவை அதற்கு முன்னால் சரியாகத்தான் இருந்தன.

இனி நடந்ததைக் கேள். போன வியாழக்கிழமை மத்தியானம் நான் லிப்டில் ஏறினேன். ஓடிவந்து தையலம்மாவும் ஏறினார். உள்ளே பார்த்தால் இரண்டு முக்காலி, ஒரு பிளாஸ்க், ஒரு பிஸ்கட் பொட்டலம். லிப்ட் நிற்பதற்கு முன்பே பிளாஸ்க் கொண்டுவந்து வைக்கிற கட்டடத்தை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? மூன்றாம் மாடிக்கு இரண்டடி கீழே டக்கென்று நின்றது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, லிப்ட் மட்டும் நகரவில்லை. மோட்டார் சுவிட்சை மட்டும் எவனோ அணைத்திருக்கிறான். முப்பத்துநான்கு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனிடம் இந்த வேலை! கீழே டிரைவர் சிரிப்பதும், மருந்துக்கடைக்காரர் “உஸ்ஸ்” என்பதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகுதான் விஷயமே புரிந்தது. இருபத்தேழாம் புத்தகத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் ஊர் நூலகத்து லிப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மாடி நூலகத்துக்கு லிப்ட் எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்தப் புத்தகத்தைத் தையலம்மாவுக்கு முன்னால் படித்தவர்கள் டிரைவரும் மருந்துக்கடைக்காரரும். நான் என்ன செய்ய முடியும்? கருவிப் பை வீட்டில். இந்த லிப்ட் வேறு மாதிரி, உள்ளேயிருந்து திறக்கவே முடியாது என்று தையலம்மாவுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். “பரவாயில்ல சார், கடைசி நாலு பக்கம் பாக்கி இருக்கு, சத்தமாப் படிக்கட்டுமா?” என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

படித்தார். முடிந்தது. நாய் குரைத்தது. அதற்கப்புறம் பக்கத்தைப் பின்னால் புரட்டி, லிப்ட் வருகிற அத்தியாயத்தை எடுத்து, “இங்க உங்க வீட்டம்மா ஒண்ணு எழுதியிருக்காங்க, உங்ககிட்டக் காட்டணும்னு இருந்தேன்” என்று அதையும் படித்தார். உன் அக்கா எழுதியது இதுதான், ஓர் எழுத்தும் கூட்டவில்லை: “நம்ம ஆளா இருந்தா ரெண்டு நிமிஷத்துல கதவைத் திறந்து வெளிய விட்டிருப்பார். காதலாவது கத்தரிக்காயாவது!”

தையலம்மா என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன். முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு என்மேல் இருந்த மரியாதையைப் பார்த்தாயா? அதுவும் மூன்றாம் மனுஷி வாயால் கேட்க வைத்திருக்கிறாள். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து, அவர்களாகவே பயந்துபோய் சுவிட்சைப் போட்டார்கள். பிளாஸ்க் காலி. ஆக நாற்பத்தொரு புத்தகமும் இப்போது என் கையில்.

இது இப்படியே போனால் கட்டடத்துக்கு ஆகாது. அந்த அம்மா மற்ற நாற்பதையும் கேட்கிறார், ஒரு நாளைக்கு நாலு பக்கம், கூட உட்கார்ந்து படிக்கலாமே என்கிறார். கணக்குப் போட்டுப் பார், எத்தனை வருடம்! உன் அக்காவின் எழுத்து, உன்னைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடு. என்னைப் பழையபடி மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு வாழ விடு. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, முதுகுக்கு அந்தத் தைலம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகக் காதல் நாவல் இல்லாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அமைதியை இழந்து தவிக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: வண்டி கொண்டுவர வேண்டாம், நீ மட்டும் வா. பெட்டி நேற்றே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. உன்னைக் கேட்ட பிறகுதான் பிரிப்போம் என்று தையலம்மா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். அதனால் சீக்கிரம் வா. நாற்பத்திரண்டாவது புத்தகம் வந்துவிட்டதாம், வழியில் கடையில் கிடைத்தால் வாங்கிக்கொண்டு வா.

இன்னொன்று. உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த லிப்டைப் பதினோரு வருடத்துக்கு முன் இங்கே பொருத்தியவனே நான்தான். நின்றுபோனால் மேலே இருக்கும் கொக்கியை உள்ளேயிருந்து ஒரு விரலால் தூக்கினால் போதும், கதவு திறந்துவிடும், கருவியும் வேண்டாம் கத்திரியும் வேண்டாம். இருபத்தேழாம் புத்தகத்தில் உன் அக்கா எழுதியதற்குக் கீழே, அதே ஓரத்தில், நானும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: “ஒரு மணி ஐம்பது நிமிஷம்.”