அடுத்தவர் லுங்கியில் ஒரு சனி, ஞாயிறு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கஜபதி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் ஆதிகேசவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் வள்ளியம்மாளும், மகள் பூங்குழலியும் மாப்பிள்ளை நவநீதனும் சுகம். காவேரிப்பாக்கத்தில் தாங்கள் கோபம் என்று கேள்விப்பட்டேன். கோபத்தோடு கூட சுகமாகவும் இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் தாங்கள் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், சாதாரணமாகக் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. தபாலைத் தடுக்க மட்டும் இன்னும் பொத்தான் வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதம்.

தங்கள் நண்பர் தேவசகாயம் சார், தாங்கள் சொன்ன ஒரே வார்த்தைக்காக ஜவ்வாது மலையில் இருக்கும் தன் வீட்டை எங்களுக்கு இரண்டு நாள் விட்டுக்கொடுத்தார். சனிக்கிழமை கோழி அடித்துக் குழம்பு வைத்து, கேட்டருகே நாற்காலி போட்டுப் பொழுது சாயும்வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை, எங்களில் ஒருவரும் போனையும் எடுக்கவில்லை. "உங்க தங்கச்சி வூட்டுக்காரருக்கு மரியாதைன்னா இன்னான்னே தெரியாதா?" என்று அவர் தங்களைக் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. ஆனால் மச்சான், நாங்கள் மலைக்கு வந்தோம். இரண்டு நாளும் தங்கினோம். கோழிக்குழம்பும் சாப்பிட்டோம். அதெல்லாம் தேவசகாயம் சார் வீட்டில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். லாஸ்டிங் செக்ஷனில், அதாவது ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவில், சூப்பர்வைசராக இருந்து நான் ஓய்வு பெற்றது தங்களுக்குத் தெரியும். மாலை வாடுவதற்குள் பழைய கம்பெனி ஒன்று கூப்பிட்டு, எத்தியோப்பியாவில் புதிதாக ஷூ ஃபேக்டரி ஆரம்பித்திருக்கிறோம், இரண்டு வருடம் அங்கே வந்து ஆட்களுக்கு வேலை பழக்கிக் கொடுங்கள் என்றது. வள்ளியம்மாளிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு நடைமுறை வேறு. அவள் சமையலறையில் இருந்துகொண்டு "சாப்பிட வரவும்" என்று குடும்பக் குரூப்பில் போடுவாள், நான் கூடத்தில் இருந்துகொண்டு கைகூப்பும் படம் போட்டுவிட்டு எழுந்து போவேன். ஆகவே இதையும் குரூப்பில்தான் போட்டேன்: "எத்தியோப்பியா வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்." சற்று நேரத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். மஞ்சளாக, நிமிர்ந்து நின்றது. அவ்வளவுதான், ஒரு சொல் இல்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் இவ்வளவு சுலபமாக என்னைக் கப்பலேற்றுகிறாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போகச் சொன்னவளே ஏன் முறைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று கம்பெனி வேறு நெருக்கியது.

வேலூரிலிருந்து மாப்பிள்ளையோடு வந்த பூங்குழலி, தன்னையும் சேர்த்து நால்வரும் நான்கு திசையில் உட்கார்ந்து நான்கு போனைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "இன்னாப்பா இது, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம் மாதிரி கீது? ரெண்டு நாளு மலைக்குப் போறோம். போனே கிடையாது" என்றாள். அவள் லேப் டெக்னீஷியன், ரத்தம் எடுப்பவள். அவள் கையை நீட்டினால் மறுக்க முடியாது. சனிக்கிழமை காலை எல்லாப் போன்களையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். முதலில் கொடுத்தவன் நான். கடைசியாகக் கொடுத்தவள் வள்ளியம்மாள். கொடுப்பதற்கு முன், "வாசலில் இருக்கும் நீலப் பையை எடுத்துக்கொள்ளவும்" என்று வழக்கம்போல் குரூப்பில் ஒரு செய்தி போட்டாளாம். என் போன் அப்போது பீரோவுக்குள் இருந்தது. நீலப் பையில்தான் என் வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் இருந்தன. பை வாசலிலேயே நின்று எங்களை வழியனுப்பியது.

ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான், தேவசகாயம் சார் அனுப்பிய வழியும் பீரோவுக்குள் இருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது. "எனக்கு ஞாபகம் கீது. நீல கேட்டு, எதிர்ல பலா மரம்" என்றாள் பூங்குழலி. மச்சான், ஜவ்வாது மலையில் பலா மரம் இல்லாத வீட்டைத் தாங்கள்தான் எனக்குக் காட்ட வேண்டும். டீக்கடையில் விசாரித்தோம். ஒருவர் மேலே கை காட்டினார், இன்னொருவர் கீழே காட்டினார். கடைசியில் நீல கேட்டு ஒன்று தென்பட, எதிரில் பலா மரமும் இருக்க, ஓர் அம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். அவள் பெயர் முனியம்மா, வீட்டைப் பார்த்துக்கொள்பவள்.

"ஆம்பூராளுங்களா?"

"ஆமாம்மா."

"பெரியவங்க ரெண்டு பேரு, பொண்ணு, மாப்பிள்ளைன்னு சாரு சொன்னாரு. சரியாத்தான் கீது. வாங்க, வாங்க!"

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன விசாரிக்க முடியும்? உள்ளே போனோம். சுத்தமான வீடு. சுவரில் பெரிய சட்டத்தில் மக்கா படம் மாட்டியிருந்தது. "மாமா, தேவசகாயம் சாரு கிறிஸ்டியன்தானே?" என்று நவநீதன் என் காதோரமாகக் கேட்டார். "பரந்த மனசுக்காரர் மாப்பிள்ளை, கஜபதி மச்சானோட சிநேகிதர்னா சும்மாவா?" என்றேன். தங்கள் நண்பர் மேல் எனக்கு மரியாதை ஜாஸ்தியாகிவிட்டது. குளித்துவிட்டு மாற்றிக்கொள்ளத் துணி இல்லாமல் ஈரத்தோடு நான் நின்றதைப் பார்த்த முனியம்மா, அலமாரியிலிருந்து நல்ல கட்டம் போட்ட லுங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "சாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, கட்டிக்கோங்க" என்றாள். கட்டிக்கொண்டேன். அப்படியொரு மெத்தென்ற லுங்கியை நான் அதுவரை கட்டியதில்லை.

போன் இல்லாத முதல் பகல் எங்களுக்கு மிகவும் பேஜாராகத்தான் போனது. மேல்சட்டைப் பை அதிர்வதுபோல் தோன்றி அடிக்கடி நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். "மாமாவுக்கு நெஞ்சு வலியா?" என்று நவநீதன் பயந்துவிட்டார். அவர் நிலைமை என்னைவிட மோசம். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் மீட்டிங் பேசியே பழகியதால், ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் "நான் பேசுறது கேக்குதா?" என்கிறார். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லாருக்கும் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் அனுப்பும் வழக்கம் தவறிப் போனதால் எனக்குக் கை துறுதுறுத்தது. தாங்க முடியாமல் வெளியே போய் முனியம்மாவின் ஆடுகளுக்கு வாயால் வணக்கம் சொன்னேன். ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. நான் அனுப்பும் காலை வணக்கத்தைத் தாங்கள் அந்த அளவுக்குக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் மச்சான், அதற்கு முன் சனிக்கிழமை மத்தியானமே முக்கியமான காரியம் நடந்துவிட்டது. கோழிக்குழம்பும் சாமைச்சோறும் போட்டுவிட்டு முனியம்மா முழுப் பலாப்பழம் ஒன்றைப் பிளந்து வைத்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் நடக்கப் போய்விட்டார்கள். நானும் வள்ளியம்மாளும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சுளை எடுத்தோம். பேச வேறு ஆள் இல்லை, பார்க்கப் போன் இல்லை, எழுந்து போகக் கை சுத்தமில்லை. எனக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது.

"அந்தக் கட்ட வெரலு எதுக்குப் போட்டே?"

"எந்தக் கட்ட வெரலு?"

"குரூப்புல. எத்தியோப்பியா சேதிக்குக் கீழ."

சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அன்னிக்கு தோசைக்கு மாவு கரைச்சினு இருந்தேன். போன் மேல மாவு தெறிச்சுச்சி, முந்தானையால தொடைச்சேன். இன்னாவோ மஞ்சளா ஒண்ணு எகிறிச்சி. அதுவா?"

"அப்போ நீ என்னைப் போவச் சொல்லலியா?"

"என்னைக் கேட்டாத்தானே சொல்றதுக்கு! ஊரே பாக்குற குரூப்புல போட்டா அது பொண்டாட்டியைக் கேக்குறதா? உங்க தம்பி கங்ராட்ஸ்னு போட்டாரு, ஓசூர் மாமா பூச்செண்டு போட்டாரு. சரி, முடிவு பண்ணிட்டு ஊருக்கு அறிவிச்சிட்டாரு, எனக்கும் சேத்து அறிவிச்சிட்டாருன்னு நான் வயித்தெரிச்சலோட கெடக்கறேன்."

மாவு துடைத்த முந்தானை எங்கள் இரண்டு பேரையும் இத்தனை நாள் ஆட்டி வைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டு, "இப்போ வாயால கேக்குறேன் வள்ளி. நான் போவட்டுமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுளையிலிருந்து கொட்டையை எடுத்தாள், சுளையை என் பக்கம் நீட்டினாள். "வேணாங்க" என்றாள்.

அவ்வளவுதான் மச்சான். மெஷின் சத்தத்திலேயே காது மரத்துப் போனவன் நான். அந்த ஒரு வார்த்தை மட்டும் எவ்வளவு தெளிவாக விழுந்தது தெரியுமா? சந்தோஷத்தில் எத்தனை சுளை தின்றேன் என்று எனக்கே தெரியாது. அன்று மாலை முழுக்க வயிறு அதை நினைவூட்டிக்கொண்டிருந்தது. அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆடுகளோடு பேசிவிட்டு வந்து வராந்தாவில் சாய்வு நாற்காலியில் அந்த லுங்கியோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் இடுப்புக்குக் கீழே பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். ஆள் வழி தவறி வந்துவிட்டார்போல என்று நான் எழுந்து, "வாங்க, யாரைப் பாக்கணும்? மொதல்ல உக்காருங்க, டீ சாப்புடுவீங்களா?" என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முனியம்மா ஆற்றுக்குப் போயிருந்ததால் வள்ளியம்மாளே டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பாதி டீ குடித்த பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: "லுங்கி உங்களுக்கு சரியா இருக்குதா சார்?"

"பிரமாதம்" என்றேன்.

"போன பெருநாளைக்கு எடுத்தது. நான் இன்னும் ஒரு தரம்தான் கட்டியிருக்கேன்" என்றார்.

மச்சான், அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். அவர் பெயர் சமீருல்லா, வாணியம்பாடியில் கையுறைத் தோல் வியாபாரம். அவர் மனைவி முபஷ்ஷிரா. அவருடைய ஆம்பூர் சிநேகிதர் குடும்பத்தோடு வருவதாக இருந்து, கடைசி நேரத்தில் வரவில்லை என்று அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். வீடு சும்மாதானே கிடக்கிறது என்று இவர்களே கிளம்பி வந்திருக்கிறார்கள். முனியம்மாவிடம் போன் இல்லாததால் அவளுக்கு அது தெரியாது. நான் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கும்பிட்டுக்கொண்டு, தேவசகாயம், பீரோ, நீல கேட்டு, பலா மரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நவநீதன் உதவிக்கு வந்து, "நான் பேசுறது கேக்குதா?" என்று ஆரம்பித்தார். பெரியவர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், அப்புறம் சிரித்தார் பாருங்கள்! தாடி குலுங்க, டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்.

"பேஜார் ஆவாதீங்க சார். பூட்டி வெச்ச வூட்ல நாலு பேரு சந்தோஷமா இருந்திருக்கீங்க, நல்லதுதானே? தேவசகாயம் சாரு வூடு அடுத்த வளைவு. அவரு கேட்டும் நீலம்தான். பெயிண்டு மிச்சமாச்சின்னு நான்தான் குடுத்தேன்" என்றார்.

மத்தியானம் வரை எங்களைப் போக விடவில்லை. அவர் கொண்டுவந்த மக்கன் பேடா இனிப்பை எல்லோரும் சாப்பிட்டோம். முபஷ்ஷிரா அம்மாவும் தங்கள் தங்கையும் சமையலறையில் என்னதான் பேசினார்களோ, கூப்பிடக் கூப்பிட வரவில்லை. இறங்கும்போது அடுத்த வளைவில் தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனோம். கேட்டு பூட்டியிருந்தது. திண்டிவனத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார் என்று பக்கத்தில் சொன்னார்கள். கேட்டின் முன் நின்று நான்கு பேரும் கும்பிட்டுவிட்டு வந்தோம். போன் இருந்திருந்தால் அதைப் படமெடுத்து அனுப்பியிருப்பேன்.

நேற்று, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போன் செய்து, எத்தியோப்பியாவுக்கு வரவில்லை, குடும்பத்தை விட்டு வர இஷ்டமில்லை என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். இனி ஆம்பூரை விட்டு அசைவதாக இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தேவசகாயம் சாரைக் கையோடு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவர் காலில் விழவும் தயார். இந்த முறை என் சொந்த வேட்டியில்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும். அவர்கள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, பெரியவர்களிடம் வாயைத் திறந்து பேசி நீடூழி வாழட்டும்.

தங்கள் மன்னிப்பை நாடும்,
ஆதிகேசவன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வள்ளியம்மாள் வந்து, என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "கம்பெனிக்கு வேணாம்னு சொல்லிட்டீங்களா? யாரைக் கேட்டு?" என்றாள். முபஷ்ஷிரா அம்மா வியாபார விஷயமாகக் கணவரோடு எத்தியோப்பியாவுக்கு நாலைந்து தரம் போயிருக்கிறாராம். ஏலகிரி மாதிரி குளிராம், காபி அங்கேதான் விளைகிறதாம், புளித்த மாவில் தோசை மாதிரியே ஒன்று சுடுகிறார்களாம். "வேணாம்னு நீதானே சொன்னே?" என்று கேட்டேன். "ஒத்தையா போவ வேணாம்னு சொன்னேன். போவவே வேணாம்னா சொன்னேன்?" என்கிறாள். மறுபடியும் கம்பெனிக்குப் போன் செய்தேன். மேடத்தையும் கூட்டி வரலாமாம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம், நாங்கள் குளிருக்குத் துணி வாங்க வெளியே போய்விடுவோம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க இப்போதே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். நான் இன்னும் சட்டை போடவில்லை.