தண்ணீருக்குள் ஒரு பறவை

"அக்கா, தண்ணியில மறுபடியும் பறவை வந்துட்டு!"

இர்ஃபானா போட்ட சத்தத்தில், வராந்தாவில் துணி பிழிந்துகொண்டிருந்த அழகுத்தாய் ஓடி வந்தார். பஞ்சு மில் வேலையை விட்டு வந்த அவர்தான் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். மரபணுவெல்லாம் அவருக்குத் தெரியாது. சுத்தம் என்றால் மட்டும் உயிரை விடுவார்.

"எங்க பாப்பா? வாளியிலயா?"

"வாளியில இல்லக்கா. இந்தா, இந்தக் கோட்டுல."

செம்மீசைச் சின்னான் என்கிற கொண்டைக்குருவிக்காகக் கண்டுபிடித்த மரபணு அடையாளமான மார்க்கர், அதன் பங்காளிப் பறவைகளுக்கும் பொருந்துமா என்பதுதான் இர்ஃபானாவின் ஆராய்ச்சி. செண்பகத்தோப்பில் வனத்துறை அனுமதியோடு நாலு வகைச் சின்னான்களிடம் ஆளுக்கொரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தாள். மார்க்கர் பொருந்தினால் ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஒரு கோடு ஒளிரும். நாலிலும் ஒளிர்ந்தது.

வம்பு ஐந்தாவதில். அது, சோதனை சரியா என்று பார்க்க வைத்த வெறும் தண்ணீர். அதில் கோடே விழக்கூடாது. விழுந்தால் எங்கேயோ ஏதோ ஒரு பறவையின் மரபணு கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு மற்ற நாலு கோட்டையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் உதவித்தொகை இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அவளைப் பெற்ற அத்தா சேக் முகைதீன் வாங்கி வைத்திருக்கும் பி.எட். விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். நாலு வருட உழைப்பு, ஒரு சொட்டுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, மெஷின், பைப்பெட்டு, பாட்டிலு எல்லாத்தையும் ஒரு தடவை நல்லா சுத்தம் பண்ணிருவமா?"

"அத என்கிட்ட விடு. நீ வெளிய போ. ஆள் நடமாட்டம் இருந்தா எனக்கு வேல ஓடாது."

இர்ஃபானா வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். செத்த நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆய்வகம் பளபளத்தது. மறுபடி சோதனை போட்டாள். தண்ணீர்க் கோடும் பளபளத்தது.

அப்படியானால் தண்ணீரில்தான் கோளாறு. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் ஜபருல்லா மாமாவின் மருந்துக் கடைக்கு ஓடினாள்.

"மாமா, ஊசி மருந்து கலக்குற தண்ணி இருபது பாட்டில் வேணும்."

"ஏட்டி, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எங்க தண்ணியில ஒரு பறவை தெரியுது. உங்க தண்ணியிலயும் தெரியுதான்னு பாக்கணும்."

மாமா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். தண்ணீரைக் கொடுத்தார். அவள் தெருமுனை திரும்புவதற்குள் போனை எடுத்துவிட்டார்.

வீட்டு வாசலிலேயே அத்தா நின்றார். "ஏன்மா, தண்ணியில பறவை தெரியுதாமே? எத்தன நாளா?"

"ரெண்டு வாரமா அத்தா."

"ராத்திரி தூங்குதியா?"

"கோடு போனாத்தான் தூக்கம் வரும்."

அத்தா பி.எட். விண்ணப்பத்தை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தார்.

புதன்கிழமை புதுத் தண்ணீர். கோடு. வியாழக்கிழமை புதுக் கையுறை, புது மருந்து, மாஸ்க். அழகுத்தாய் அக்காவைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சுத்தம் செய்யச் சொன்னாள். இப்போது தண்ணீர்க் கோடு சின்னான்களின் கோட்டைவிடப் பெரிதாக மின்னியது. இர்ஃபானாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எம்புட்டுக்கு எம்புட்டுச் சுத்தமோ, அம்புட்டுக்கு அம்புட்டுப் பறவை. உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத விதி இது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்து நின்றாள்.

"அக்கா, கடைசித் தடவை. இது வரைக்கும் பண்ணாத அளவுக்குப் பண்ணுங்க. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

அழகுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "நீ கவலப்படாத பாப்பா. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு, வழிகாட்டிப் பேராசிரியர் முத்துராமலிங்கம் ஜெல்லைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தண்ணீர்க் கோடு டியூப்லைட் மாதிரி எரிந்தது.

"சார், நாலு வருஷம் சார்..." இர்ஃபானா முகத்தைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் ஆய்வுக் குழுவின் கார் வந்து நின்றது.

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "அழாதம்மா. உண்மையச் சொல்லிருவோம். நம்ம லேப்ல சுத்தம் போதல."

அதைக் கேட்ட அழகுத்தாய், கையிலிருந்த வாளியை டொக்கென்று கீழே வைத்தார்.

"வேற என்ன பழி வேணும்னாலும் போடுங்க சார், சுத்தமில்லன்னு மட்டும் சொல்லாதீய! மில்லுல மெஷினு இண்டு இடுக்கெல்லாம் எப்படித் தொடச்சனோ, அப்படித்தான் இங்கயும் தொடைக்கேன். பாட்டிலு வாயி, பைப்பெட்டு ஓட்ட ஒண்ணு விடாம, ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டுக் கோழிகிட்ட புது இறகாப் பிடுங்கிட்டு வந்துல்ல தொடைக்கேன்!"